காத்தல் வேறு, தீர்த்தல் வேறு

மூலிகைகளின் பெருமை கூறும் கட்டுரைகள் தமிழில் பெருகியுள்ளன. அவற்றுள் வயிற்றுப் புண்ணைப் பற்றியன பல. முன்னோர் அறிவைப் பேணும் நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் ‘காக்கும்’, ‘ஆற்றும்’, ‘தீர்க்கும்’ என்னும் மூன்று சொற்களும் அவற்றில் ஒரு பொருளனவாக வழங்கப்படுகின்றன. இச்சொல் மயக்கம் நோயாளிக்கே ஊறாய் முடியும்.

முதற்கண் முட்டைக்கோசை நோக்குவோம். கேமரன் மலையில் திரிங்காப் முதலிய ஊர்களில் விளைவது இது. இதன் சாறு புண்ணைத் தீர்க்கும் என்பார், அமெரிக்க மருத்துவர் கார்னெட் செனி 1949இல் வெளியிட்ட ஆய்வைச் சான்று காட்டுவர். அவர் பச்சைச் சாறு கொடுத்தது 13 பேருக்கு. அவருள் முன்சிறுகுடற் புண்ணுடைய எழுவருக்குச் சராசரி 10.4 நாளில் புண் ஆறிற்று. வழக்கமான மருத்துவத்தில் 37 நாள் ஆகும் என்றார். ஆனால் அந்த 37 நாள் பிறர் ஆய்வுகளிலிருந்து எடுத்த கணக்கு. சாறு பெறாத நோயாளரை அவர் உடன்வைத்து ஒப்பிட்டிலர். கட்டுரையாளர் எண்ணைச் சொல்லி, இக்குறையை விட்டுவிடுகின்றனர்.

அடுத்து வல்லாரை, மலாய்க்காரர் ‘பெகாகா’ என்று பச்சையாக உண்பது. 2000இல் வெளியான ஹாங்காங் ஆய்வொன்றில், எலிகளுக்கு முதலில் வல்லாரைச் சாறும், பின்னர் எரிசாராயமும் புகட்டினர். இரைப்பையின் உட்சவ்வு வலுப்பெற்றுப் புண் குறைந்தது. இது காத்தல், அதுவும் எலியிடத்து. மனிதரின் பழம்புண்ணைத் தீர்த்ததாகாது.

அதிமதுரத்தினின்று பிறந்த கார்பனாக்சலோன் 1960களில் இங்கிலாந்தில் மருந்தாக வழங்கியது. அது புண்ணை ஆற்றியது மெய். இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியத்தைக் குறைத்ததும் மெய்யே.

இனி, ‘குன்மம்’ என்னும் சொல். சித்த நூல்கள் குன்மத்தை எட்டாகப் பகுத்து, உடலில் தோன்றும் குறிகளால் விளக்கும். ‘அல்சர்’ என்பதோ குடலிலும் இரைப்பையிலும் உண்டாகும் புண். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. 1982இல் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் ஆய்ந்து கண்ட ஹெலிகோபாக்டர் கிருமியும், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளுமே பெரும்பாலான புண்களுக்குக் காரணம். அவ்விருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். கிருமியை ஒழிக்க மருத்துவர் தரும் மருந்து வேண்டும். கீரைச் சாறு போதாது.

உடல்வலிக்கு நாள்தோறும் மாத்திரை விழுங்கும் தோட்டத் தொழிலாளி ஒருவர், ‘வல்லாரை தீர்க்கும்’ என்று படித்து அமைதியுறுவாராயின், தார்போல் கறுத்த மலத்தையும் பொருட்படுத்தமாட்டார். அஃது உள்ளே இரத்தம் கசிவதன் குறியாகலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நிலை. அங்கே ஒரு வினைச்சொல்லின் பிழை உயிர்ப்பிழையாகிறது.

வல்லாரையை உணவாக உண்பதில் தடையில்லை. மூலிகைக் கட்டுரையை வகுப்பில் படிப்பிக்கும் ஆசிரியர், மாணவரை மூன்று வினாக்கள் கேட்கச் செய்தல் வேண்டும்: சோதித்தது மனிதரிடத்தா, எலியிடத்தா? கொடுத்தது புண் வருமுன்னா, வந்தபின்னா? ஒப்பிட்டது யாரோடு? விடை கூறாத கட்டுரை, எத்துணை இனிய தமிழில் இருப்பினும், மருந்தாகாது.