வெண்திரையில் காமம்: மேனாட்டு நோக்கும் தமிழ் மரபும்

‘காமம்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்த நிலையே ஒரு பண்பாட்டு வரலாறு எனலாம். திருக்குறளின் மூன்றாம் பால் அச்சொல்லையே பெயராகத் தாங்கி, 25 அதிகாரங்களில் 250 குறட்பாக்களாக விரிகின்றது. காதலின் மகிழ்ச்சியும் பிரிவின் துயரும் ஊடலின் இனிமையும் அங்கே ஒளிவுமறைவின்றியும் இழிவின்றியும் பேசப்படுகின்றன. இன்றோ அதே சொல்லை வகுப்பறையில் உச்சரிக்க ஆசிரியரும் தயங்குவர். பதினெட்டாம் நூற்றாண்டில் குறளை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்து, காமத்துப்பாலை விடுத்தார். 1886இல் வெளிவந்த போப்பின் ஆங்கிலப் பெயர்ப்பு முப்பாலையும் உட்கொண்டது. ஆயினும் இடைக்காலத்தில் புகுந்த கூச்சம் முற்றும் அகலவில்லை.

இக்கூச்சம் திரைப்படத்தைப் பற்றிய பேச்சிலும் தொடர்கின்றது. ஜொகூர் மாநிலத்தின் தோட்டத் திடல்களில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலந்தொட்டு, கைப்பேசித் திரையில் உலகப் படங்களைக் காணும் இற்றைநாள் வரை, “எல்லாம் மேனாட்டார் கொண்டுவந்த கேடு” என்னும் முடிவு தமிழ்க் குடும்பங்களில் எளிதாகச் சொல்லப்படுகின்றது. இம்முடிவு எத்துணை பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண், மேனாடு என்பது ஒரே மனம் உடையதன்று. அமெரிக்கத் திரையுலகம் நெடுங்காலம் கடுமையான கட்டுப்பாட்டில் இயங்கியது. 1930இல் வகுக்கப்பட்டு 1934 முதல் வன்மையாக நடைமுறைப்படுத்தப்பட்ட ‘ஹேஸ் நெறிமுறை’, மிகையான முத்தத்தையும் தழுவலையும் விலக்கியது. திரையில் கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில் உறங்குவதே அக்காலத்து வழக்காயிற்று. இத்தகைய விதியால் விளைந்தது யாது? 1946இல் ஹிட்ச்காக் இயக்கிய ‘நொடோரியஸ்’ படத்தில் காதலர் இருவர் முத்தமிடுவர், உடனே விலகிப் பேசுவர், மீண்டும் முத்தமிடுவர். ஒவ்வொரு முத்தமும் சுருக்கமானது. ஆனால் காட்சி முழுவதும் இரண்டு மணித்துளிகளுக்கு மேல் நீள்கின்றது. விதி எழுத்தளவில் காக்கப்பட்டது. அதன் நோக்கமோ நழுவிப் போயிற்று. 1968இல் அந்நெறிமுறை கைவிடப்பட்டு, வயதுக்கேற்பப் படங்களைத் தரம் பிரிக்கும் முறை வந்தது.

ஐரோப்பாவின் நோக்கு வேறு. சுவீடன் நாட்டு இங்மார் பெர்க்மன் 1953இல் ‘மோனிகாவுடன் ஒரு கோடை’ என்னும் படத்தை அளித்தார். உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த இளையோர் இருவர் நகரைத் துறந்து, தீவுகளிடையே ஒரு கோடைகாலத்தைக் கழிக்கின்றனர். அதன்பின் குழந்தை, வறுமை, கசப்பு, பிரிவு என வாழ்க்கை அவர்களை நெருக்குகின்றது. படத்தில் உடலும் காட்டப்படுகின்றது. உடலின் விளைவுகளும் காட்டப்படுகின்றன. இதே படம் 1955இல் அமெரிக்கா சென்றபோது, வணிகர் ஒருவர் அதனைச் சற்றேறக்குறைய ஒரு மணி நேரமாகச் சுருக்கி, ‘தீய பெண்ணின் கதை’ என்னும் பொருளுடைய தலைப்பைச் சூட்டி ஓட்டினார். வாழ்க்கை வெட்டுண்டது, சதை எஞ்சியது. ஒரே படச்சுருள் ஓரிடத்தில் கலையாகவும் மற்றோரிடத்தில் கடைச்சரக்காகவும் ஆனது எதனைக் காட்டுகின்றது? காமம் காட்சியில் மட்டும் இல்லை. காட்டுவோன் கருத்திலும் உள்ளது என்பதையே காட்டுகின்றது.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1958இல் எடுத்த ‘காதலர்’ என்னும் படத்தைத் திரையிட்டமைக்காக, ஒகையோ மாநிலத்துத் திரையரங்க மேலாளர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். 1964இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. அவ்வழக்கில் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட், ஆபாசத்துக்கு இலக்கணம் வகுக்கத் தம்மால் இயலாது என்றும், கண்டால் இனம் காண இயலும் என்றும், இப்படம் அத்தகையதன்று என்றும் கருத்துரைத்தார். உயர்ந்த நீதிமன்றமே அளவுகோல் இன்றித் திகைத்த இடம் இது. மறுபுறம், உடலைக் காட்டுவதில் தாராளம் காட்டிய சுவீடன், 1982இல் வெளிவந்த ‘ஈ.டி.’ என்னும் அமெரிக்கச் சிறுவர் படத்தைப் பதினொரு வயதுக்குட்பட்டோர் காணலாகாதெனத் தடுத்தது. ஒரு நாடு அஞ்சுவதை மற்றொரு நாடு அஞ்சுவதில்லை.

இதனால் ஐரோப்பிய நோக்கே உயர்ந்தது என முடிவு கட்டுதலும் பிழையாகும். 1972இல் பெர்னார்டோ பெர்டோலூச்சி இயக்கிய ‘பாரிசில் இறுதி டாங்கோ’ பெருங்கலை எனப் போற்றப்பட்டது. அதில் நடித்த மரியா ஷ்னைடருக்கு அப்போது வயது 19. வன்புணர்ச்சிக் காட்சியின் ஒரு கூற்றை அவருக்கு முன்னரே உரைக்காமல் படமாக்கினர். தாம் இழிவுபடுத்தப்பட்டதாக உணர்ந்ததை அவர் 2007இல் வெளிப்படுத்தினார். முன்னறிவிக்காததை இயக்குநரும் பின்னர் ஒப்புக்கொண்டார். கலைச் சுதந்திரம் என்னும் பெயரால் ஓர் இளம்பெண்ணின் இசைவு புறந்தள்ளப்பட்டது. மறைப்பதில் எவ்வாறு போலித்தனம் புகுமோ அவ்வாறே காட்டுவதிலும் கொடுமை புகும்.

இனித் தமிழர் பக்கம் நோக்குவோம். இங்குள்ள தணிக்கை தமிழ் மரபின் காவலாகப் பிறந்ததா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1927இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவுக்குச் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமை தாங்கினார்; அறிக்கை 1928இல் வெளிவந்தது. அமெரிக்கப் படங்களில் வெள்ளை மகளிர் காதல் புரிவதைக் கண்டால் குடிமக்களிடம் ஆள்வோரின் மதிப்புக் குறையும் என்னும் அச்சம் அக்காலத்து அதிகார வட்டாரத்தில் பரவியிருந்தது. மலாயாவிலும் குடியேற்ற ஆட்சியின் தணிக்கையர் இதே கவலையோடு அப்படங்களை நோக்கினர். ஆள்வோர் தம் பெருமையைக் காக்க எடுத்த கத்தரிக்கோல், விடுதலைக்குப் பின் பண்பாட்டின் பெயரால் கைமாறியது. இந்தியாவிலும் மலாயாவிலும் திரைப்படச் சட்டம் 1952ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. மலேசியாவில் அதனிடத்தில் 2002இல் புதிய சட்டம் வந்தது.

இச்சிக்கலைத் தெளிவுறக் காட்டும் தமிழ்ப் படம் 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட ‘பொன்முடி’. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியமே அதன் மூலம். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். 1930களின் நடுப்பகுதியில் இந்தியா வந்த அவர், தமிழ் அறியாமலே ‘சதி லீலாவதி’, ‘அம்பிகாபதி’, ‘மீரா’ முதலிய படங்களை உருவாக்கியவர். ‘பொன்முடி’யின் காதற் காட்சிகள் நெருக்கம் மிகுந்தவை எனக் கண்டனம் எழுந்தது. மேலோட்டமாக நோக்குவோர், அமெரிக்கர் கையால் விளைந்த கேடு என்பர். ஆனால் முத்தத்தைத் தலைப்பிலேயே வைத்தவர் புதுவைப் பாவலர். ஏட்டில் படித்து மகிழ்ந்த சமுதாயம், அதனைத் திரையில் காண நாணியது. பிறர் சூழ இருந்து காண்பதால் எழுந்த நாணம் அது, பொருளால் எழுந்ததன்று.

அதன்பின் தமிழ்த் திரை ஒரு குறுக்கு வழியைக் கண்டது. முத்தம் விலக்கப்பட்டது, அதனிடத்தில் மழைப்பாடலும் விடுதி நடனமும் புகுந்தன. இதழ்கள் நெருங்கும்போது படப்பிடிப்புக் கருவி மலரை நோக்கித் திரும்பியது. பாடல் வந்தபோதோ அதே கருவி பெண்ணின் இடையை விட்டு அகலவில்லை. கதைக்கு இன்றியமையாத இடத்தில் முத்தத்துக்குத் தடை வேண்டா என 1969இல் நீதிபதி கோசலா தலைமையிலான குழு பரிந்துரைத்தும், வழக்கம் எளிதில் மாறவில்லை. கணவன் மனைவியின் அமைதியான முத்தம் வெட்டுப்பட, முகமே காட்டப்படாத நடனமங்கையின் உடல் முழுப்பாடலுக்கும் கண்காட்சியாவதை மலேசியத் தமிழ்ப் பார்வையாளர் நன்கறிவர். இம்முரண்பாட்டுக்கு மேனாட்டார் மீது பழி சுமத்துதல் நேர்மையாகாது. விதியை எண்ணிக்கையாகவும் அளவாகவும் மட்டும் வகுத்தால், வணிகன் அளவுக்குள் நின்றே இழிவை விற்பான். நொடிக்கணக்கைக் காட்டி ஹாலிவுட் தப்பியதும், மலரைக் காட்டிக் கோடம்பாக்கம் தப்பியதும் ஒரே பாடம்.

ஆயின் வேறு அளவுகோல் உண்டா? தமிழ் மரபிலேயே உண்டு. அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் இயற்பெயர் சுட்டப்படுதல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஒருவரின் அந்தரங்கம் ஊர்வாய்க்கு இரையாகாமல், எல்லார் நெஞ்சுக்கும் உரிய உணர்வாக அது அங்கே உயர்கின்றது. உள்ளுறையும் இறைச்சியும் கூறாமற் கூறும் கலைகள். வெட்கத்தால் மறைப்பவையல்ல, பொருளை ஆழமாக்க மறைப்பவை. இவற்றினும் மேலாக, அகத்தில் பெண் பேசுகின்றாள். தன் வேட்கையையும் சினத்தையும் காத்திருப்பையும் தானே உரைக்கின்றாள். அவள் பிறர் பார்க்கும் பொருளாக நிறுத்தப்படுவதில்லை.

பெர்க்மனின் படத்தில் ஓரிடம் திறனாய்வாளரால் பெரிதும் பேசப்படுவது. கணவனை விட்டு விலகத் துணிந்த மோனிகா, படப்பிடிப்புக் கருவியை நேராக நோக்குகின்றாள். ஹேரியட் ஆண்டர்சனின் அந்தப் பார்வை, இருளில் அமர்ந்து அவளைத் தீர்ப்பிட முனையும் பார்வையாளரையே வினவுகின்றது. அகத்தலைவியின் குரலும் இப்பார்வையும் உறவுடையவை. இரண்டிலும் பெண் ஓர் ஆள். பாடற்காட்சியில் துண்டு துண்டாகக் காட்டப்படும் உடலுக்கோ முகமும் இல்லை, சொல்லும் இல்லை.

எனவே திறனாய்வு கேட்க வேண்டிய வினா, “எவ்வளவு காட்டப்பட்டது?” என்பதன்று. “காட்டப்படுபவர் மாந்தராக எஞ்சுகின்றாரா? அவர்தம் இசைவோடு காட்டப்பட்டாரா?” என்பனவே உரிய வினாக்கள். இவ்வினாக்கள் முன் ஹாலிவுட்டும் பாரிசும் கோடம்பாக்கமும் சமமாக நிற்க வேண்டும்.

தணிக்கை வாரியத்தின் கத்தரிக்கோல் எட்டாத இடத்தில் இன்றைய இளையோரின் திரை இருக்கின்றது. பெற்றோர் அறியாத நேரத்தில் உலகின் எல்லாக் காட்சிகளும் அவர்தம் உள்ளங்கைக்கு வருகின்றன. கண்ணை மூடு என்னும் கட்டளை இனிப் பயன்தராது. கண்ணுக்கு அறிவூட்டுதலே வழி. அதற்குரிய நூல் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் நூலகத்திலும் இருக்கின்றது. அறத்துப்பாலை மனனம் செய்விக்கும் சமுதாயம், உரிய வயதில் காமத்துப்பாலையும் நாணமின்றிக் கற்பித்தல் வேண்டும். அன்பின் மொழியை அறிந்த பிள்ளைக்கு, திரையில் அன்பு எது, சரக்கு எது எனப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.