அபியின் மாலைக் கவிதைகள்

அபியின் கவிதைகள் அருவமானவை, ஆதலின் விளங்காதவை என்று கூறுவார் உளர். விரைந்து கற்பார்க்கு அக்கூற்று மெய்யே. 2003இல் வெளிவந்த 'அபி கவிதைகள்' என்னும் தொகுதி 'மௌனத்தின் நாவுகள்' (1974), 'அந்தர நடை' (1979), 'என்ற ஒன்று' (1988) என்னும் மூன்று நூல்களையும் பின்னர் எழுதியவற்றையும் கொண்டது. முதல் நூலில் உருவகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி நிற்கின்றன. அதனை ஒருமுறை கற்று அப்பாற் செல்லினும் இழப்புப் பெரிதன்று.

மாலை பற்றிய பிற்காலக் கவிதைகளோ அத்தகையன அல்ல; நாளுக்கு ஒன்றாகக் கற்கத் தக்கன. தொல்காப்பியர் மாலையை முல்லைக்குரிய சிறுபொழுதாக வைத்தார். சங்கப் பாடல்களிற் பயின்ற நாம் மாலை என்னும் சொல்லைக் கண்டவுடன் பிரிந்த தலைவியைத் தேடுகின்றோம். விரைவு அங்கேதான் தொடங்குகின்றது. அபியின் மாலையில் தலைவியும் இல்லை, அவள் எதிர்நோக்கும் தேரும் இல்லை. பொழுது எவர் துயருக்கும் பின்புலமாகாது, தானே பொருளாய் நிற்கின்றது. முதற்பொருளே உரிப்பொருளாயிற்று எனலாம். இலக்கணம் இதற்கு இடந்தருமா என்பது வேறு வினா.

குறுந்தொகையில் புலவர் சொல்லாது விட்டதனைக் கூற்றுக்குறிப்பு ஓரளவு நிரப்பித் தரும். ஈண்டு அத்துணையும் இல்லை. சொற்கள் சில, அவற்றிடையே விட்ட இடமோ மிகுதி. அவ்விடத்தே தங்கிப் பழகாதவன் கவிதையைக் கற்றவன் ஆகான். ஒரே பாடவேளையில் பல கவிஞரை முடித்துவிடும் நம் வகுப்பறை வழக்கம் இதற்கு நேர்மாறானது. எனினும், புலனுக்கு எட்டும் பொருள் ஒன்றேனும் அமையாத சில கவிதைகளில், எத்துணைப் பொழுது தங்கினும் கற்பவன் பெறுவது மிகச் சிறிதே.