லீலாவதியின் புதல்வியரும் பல்லடத்து மாணவியரும்

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதெமி 2008-இல் வெளியிட்ட ‘லீலாவதியின் புதல்வியர்’ என்னும் ஆங்கில நூல், நம் நாட்டுப் பெண் விஞ்ஞானிகள் ஏறத்தாழ நூறு பேரின் வாழ்க்கைக் குறிப்புகளைக் கொண்டது. ரோகிணி கோட்போலே, ராம் ராமஸ்வாமி ஆகிய இருவரும் தொகுத்தது. கணித மேதை பாஸ்கரர் தம் மகள் பெயரால் ‘லீலாவதி’ இயற்றினார் என்பது மரபுக்கதை. தலைப்பு அதிலிருந்து பிறந்தது.

அண்ணா மணியின் கதை மனத்தை வருத்தும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940-இல் சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளி நிறமாலைகளை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. ஜானகி அம்மாளோ நமக்கு அண்டை வீட்டார் போல. கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்புச் செய்து பார்த்தவர் அவர்.

நூல் நல்ல நூல்தான். ஆனால் அது அறிவியலுக்கு வந்து சேர்ந்தவர்களின் நூல். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று வீட்டில் நடப்பதை அதில் தேடினால் கொஞ்சமே கிடைக்கிறது.

‘பெண்களுக்குக் கணக்கு வராது, அதனால் அறிவியல் எடுப்பதில்லை’ என்ற பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். 2020-21-ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு அதைப் பொய்யாக்குகிறது. அறிவியல் பட்டப் படிப்புகளில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். ஆனால் இளநிலைப் பொறியியலில் பெண்கள் நூற்றுக்கு 29 பேரே. இரண்டுக்கும் வேண்டியது அதே கணக்கு, அதே இயற்பியல்! வேறுபாடு மூளையில் இருந்தால் இப்படி வருமா?

பல்லடத்தில் வந்து பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் குரூப் எடுக்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடும். மகன் என்றால் கடன் வாங்கியாவது இஞ்சினியரிங். முடியாவிட்டால் தறிக்குடோன், கோழிப்பண்ணை, திருப்பூர் பனியன் கம்பெனி என்று சம்பாதிக்க வழி உண்டு. மகள் என்றால் பி.எஸ்ஸி. கணிதம், பிறகு பி.எட். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் பஸ் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆகவே நம் பி.எஸ்ஸி. வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருப்பதைக் கண்டு உடனே மகிழ்ந்துவிடவும் கூடாது. அதில் விருப்பமும் உண்டு. மிச்சமும் மீதியும் உண்டு.

இதில் பையன்களுக்கும் நஷ்டம் உண்டு. செடிகொடியில் ஆர்வமுள்ள பையன் தாவரவியல் எடுக்கிறேன் என்றால், ‘பொம்பளைப் பிள்ளைக படிக்கிறதை நீ ஏண்டா?’ என்பார்கள். இந்தக் கேலியைப் பற்றி எந்தக் கணக்கெடுப்பும் பேசுவதில்லை.

சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் சென்ற மாணவியருக்கு 2022 முதல் மாதம் ரூ. 1000 என்று வந்தபோது, வீட்டுக் கணக்கில் சில வரிகள் மாறின. அண்ணா மணியின் காலத்திலிருந்து இந்த வீட்டுக் கணக்கை எழுதிக் காட்டும் ஓர் அத்தியாயம் இருந்திருந்தால் நூல் இன்னும் உரம் பெற்றிருக்கும்.

ஆங்கிலம் என்று மாணவர்கள் அஞ்ச வேண்டாம். கட்டுரைகள் சிறியவை. அண்ணா மணியிலிருந்து தொடங்குங்கள். புரியாத சொல்லுக்கு அகராதி இருக்கிறது.