இல்லாதவளின் பிள்ளை

தாய்மையைப் பற்றி நம்மிடம் பேச்சுக்குக் குறைவில்லை. பட்டிமன்ற மேடையிலிருந்து சினிமாப் பாட்டு வரை தாய் தெய்வம்தான். ஆனால் இந்தத் தெய்வத்துக்கும் ஒரு கருவறை தேவைப்படுகிறது. அது வீடு. 'இல்லாள்' என்ற சொல்லே 'இல்' என்ற வீட்டிலிருந்துதான் வருகிறது. வீடு கைவிட்டுப் போனவள் ஆதரவற்றவள் ஆகலாம், கேட்பாரற்றவள் ஆகலாம், சித்தம் கலங்கியவள் ஆகலாம். தாயாக மட்டும் அவளை எந்தப் பதிவேடும் ஏற்பதில்லை.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பார்வையல்ல. மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை எடுத்துக்கொள்வோம். ஒழுக்கம் தவறியவளாகக் குறிக்கப்படும் சாலி, வாரணாசியிலிருந்து குமரியில் நீராடப் புறப்பட்டவள், வழியில் பிள்ளை பெற்று ஒரு தோட்டத்தில் விட்டுப் போகிறாள். இரக்கமற்றவள் என்று ஒரு வார்த்தையில் அவள் கதை முடிகிறது. பிள்ளைக்கு ஏழு நாள் பால் கொடுத்த பசுவுக்குப் பிரதியில் கிடைக்கும் பரிவு, பெற்றவளுக்கு இல்லை. அந்தப் பிள்ளைதான் பின்னால் மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயில் முன்னுள்ள அம்பலத்தில் குருடர், செவிடர், முடவர், காப்பாரற்றோர், நோயாளிகள் எல்லோருக்கும் பிச்சையெடுத்துச் சோறு போடுகிறான், அமுதசுரபியும் பெறுகிறான். அந்த அறம் பெரியதுதான். ஆனால் அது பசியைப் பார்த்த அளவுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை ரோட்டுக்குத் துரத்திய ஒழுக்கத்தைப் பார்க்கவில்லை.

சட்டத்தின் மொழி வேறு என்று நினைக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வீடோ நிலையான இருப்பிடமோ, பிழைக்க வழியோ இல்லாத குழந்தையை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்கிறது. காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கடைசி வழிதான் முதல் வழி. "பிள்ளைய ஹோம்ல போட்டுட்டு ஒம் பொழப்பப் பாரும்மா" என்பதுதான் அவள் கேட்கும் ஆலோசனை. "தெருவுல கிடந்தா பிள்ளைக்கு ஆபத்துதானே?" என்று கேட்பார்கள். ஆபத்துதான். ஆனால் ஆபத்து தெருவில் இருக்க, தெருவிலிருந்து தாயையும் பிள்ளையையும் சேர்த்து எடுக்காமல், தாயிடமிருந்து பிள்ளையை மட்டும் எடுப்பது எந்த ஊர் நியாயம்?

காப்பகம் என்றாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு மதுரையே பதில் சொல்லியிருக்கிறது. 2021 ஜூனில், ரிசர்வ் லைனில் இதயம் அறக்கட்டளை நடத்திய காப்பகத்தில் தாயோடு இருந்த ஒரு வயது ஆண் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. தத்தனேரியில் அடக்கம் செய்ததாகக் காகிதமும் இருந்தது. சமூக ஆர்வலர் ஒருவர் புகார் கொடுத்து, விசாரணை நடந்த பிறகு பார்த்தால், குழந்தை உயிரோடு வேறொரு தம்பதியிடம் இருந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றும் அப்படியே மீட்கப்பட்டது. குழந்தைகள் விற்கப்பட்டதாக வழக்குப் போட்டுக் கைது செய்தது காவல்துறை. இதைச் சில தனிமனிதர்களின் பேராசையாக மட்டும் வாசித்துவிட்டால் நமக்கு வசதி. ஒரு காகிதம் உயிருள்ள பிள்ளையைப் பிணமாக்க முடிந்தது எப்படி? எதிரே நின்ற தாயிடம் காகிதம் இல்லை, விலாசம் இல்லை, அவள் சார்பில் கேட்க ஆள் இல்லை. வீடற்றவளின் வாய்ச்சொல் சாட்சியமாக எண்ணப்படாத சமூகத்தில்தான் இந்த வியாபாரம் நடக்க முடியும்.

வீட்டுத் திட்டங்களோ இவளைத் தாண்டித்தான் போகின்றன. 2015இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டம் வீட்டைப் பெண் பெயரிலோ கூட்டாகவோ பதியச் சொன்னது. எழுத்தில் நல்ல விஷயம். ஆனால் தானே கட்டிக்கொள்ளும் பிரிவுக்குச் சொந்த மனை வேண்டும். வாரிய அடுக்குமாடிக்குப் பயனாளி பங்குத்தொகை வேண்டும். ராஜாக்கூர் மாதிரி ஊருக்கு வெளியே கட்டிய குடியிருப்புகளும் குடிசைவாசி என்று பட்டியலில் ஏறியவருக்குத்தான். அதாவது, வீடு கிடைக்க முதலில் ஒரு குடிசையாவது இருந்திருக்க வேண்டும்.

மிஞ்சுவது இரவுக் காப்பகம். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு லட்சம் மக்களுக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் அளவுக்குக் காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. குடும்பங்களுக்குத் தனிக் காப்பகத்துக்கும் இடம் வைத்தது. 2011 கணக்குப்படி மதுரை மாநகரில் 10 லட்சத்துக்கு மேல் மக்கள். கணக்கு எளிது: குறைந்தது பத்து காப்பகம். ஆனால் நம் நிர்வாக மனதில் இன்னும் இருப்பது ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரம்தான்: வந்தவர் படுத்து எழுந்து போய்விடுவார். பிள்ளைக்காரிக்கு ராத்திரி மட்டும் போதாது. பகலில் பிள்ளையை விட்டு வேலைக்குப் போக ஓர் இடம், கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு, உள்ளே தாழ்ப்பாள் போட ஒரு கதவு, ரேஷன் கார்டில் எழுத ஒரு விலாசம் — இவ்வளவும் வேண்டும்.

அவளை எண்ணுவதிலும் சிக்கல் இருக்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவு நாடு முழுக்க வீடற்றோரைக் கணக்கெடுத்தார்கள், சுமார் 17.7 லட்சம் பேர் என்றது அரசு. கைப்பிள்ளையோடு இருப்பவள் இரவில் கண்ணில் படாமல் இருப்பதையே பாதுகாப்பாகக் கொள்கிறவள். மாட்டுத்தாவணியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பயணியாகத்தான் தெரிவாள். அவள் தப்பிப் பிழைக்கும் வழியே அவளைக் கணக்கிலிருந்தும் நீக்கிவிடுகிறது.

எழுதுகிறவர்கள் அவளைப் பரிதாபச் சித்திரமாகவோ, இரக்கமற்ற சாலியாகவோ எழுதுவதை நிறுத்தலாம். களத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டியவை திட்டவட்டமானவை: தாயையும் பிள்ளையையும் பிரிக்காத காப்பகம், ஒவ்வொரு காப்பகத்திலும் பிள்ளைகளின் வரவு, இறப்பு, இடமாற்றம் குறித்த பதிவேட்டை வெளியாட்கள் சரிபார்க்கும் ஏற்பாடு, மனை இல்லை என்பதையே முதல் தகுதியாகக் கொள்ளும் வீட்டு ஒதுக்கீடு. அம்பலத்தில் சோறு போட்ட ஊர் என்ற பெருமை நமக்கு உண்டு. சாலி பிள்ளையோடு தங்க இந்த ஊரில் ஓர் அறை இருக்கிறதா என்பதுதான் மாநகராட்சியிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி.