விரலிக்குத் தெரியும் தன் விலை

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தின் அன்றைய நிலவரத்தை ஓர் இணையப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விரலி, கிழங்கு என இரண்டு ரகம், விலை குவிண்டாலுக்கு. ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதுபவர் கை முதலில் போவது ஹெல்ப்பருக்கு: எண்ணைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும் ஒரு தனிச் செயற்கூறு. தொடக்கத்தில் அழகாகத்தான் இருக்கும். பிறகு ரகத்தையும் கேட்கும், அலகையும் கேட்கும், ஏலம் போனதா என்றும் கேட்கும். போகாத லாட்டுக்கு விலையே கிடையாது. ரெயில்ஸின் நாணய ஹெல்ப்பரோ வெறுமையைக் கொடுத்தால் வெறுமையையே திருப்பும், கட்டம் காலியாக நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. ரெயில்ஸ் இயல்பாகவே எல்லா ஹெல்ப்பர்களையும் எல்லாப் பக்கங்களுக்கும் திறந்துவிடுகிறது. மஞ்சளுக்கு ஒரு 'விலை', பெருந்துறைக் கொப்பரைக்கு ஒரு 'விலை' என்று இருவர் எழுதிவைத்தால், ஒன்று மற்றொன்றைச் சத்தமில்லாமல் மூடிவிடும். கிலோவுக்கு விற்கும் கொப்பரையின் அலகு மஞ்சள் பக்கத்தில் வந்து உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இதற்கு மாறாக, லாட்டையே ஒரு பிரசென்டருக்குள், அதாவது அதைக் காட்டும் பொறுப்பை ஏற்கும் ஓர் ஆப்ஜெக்டுக்குள், வைத்துப் பாருங்கள். தன் ரகம், தன் அலகு, விலைபோகாத நாளில் என்ன சொல்வது என்பதெல்லாம் அதற்கே தெரியும். தெரியாத கேள்வியை ரூபியின் சிம்பிள் டெலிகேட்டர் உள்ளிருக்கும் லாட்டிடம் தள்ளிவிடும். மஞ்சளோ கொப்பரையோ, டெம்ப்ளேட் 'விலை' என்று மட்டும் கேட்கிறது. யார் நீ என்று விசாரிப்பதில்லை. நான் ரசிப்பது இந்த விசாரிக்காத தன்மையைத்தான்.

இதை மாடலிலேயே எழுதலாமே என்பார்கள். அதே லாட் விவசாயிக்குக் குறுஞ்செய்தியாகவும் போகும். அங்கே எச்டிஎம்எல் எதற்கு? காற்புள்ளி போட ஒரு கிளாஸா என்ற கேள்வி நியாயமானது. 342,000 என்பதை 3,42,000 ஆக்க ரெயில்ஸின் எண் ஹெல்ப்பருக்கு ஒரு வடிவக் குறிப்பைக் கொடுத்தால் போதும். அந்த அறிவு எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லை, ஹெல்ப்பராகவே இருக்கட்டும். பிரசென்டர் உள்ளிருந்து அதை அழைத்துக்கொள்ளும். சொல்ல ஏதுமில்லாத மாடலுக்கும் டிராப்பர் நூலகத்தைக் கொண்டு போர்வை போர்த்துவது வீண் வேலை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2019 ரெயில்ஸ்கான்ஃபில் கிட்ஹப்பின் ஜோயல் ஹாக்ஸ்லி முன்வைத்த, இன்று வியூகம்போனன்ட் எனப்படும் முறை இன்னும் ஒரு படி மேலே போய், ஆப்ஜெக்டோடு அதன் டெம்ப்ளேட்டையும் சேர்த்தே வைக்கிறது. தனக்கு வேண்டியதை உருவாகும்போதே வெளிப்படையாகக் கேட்டு வாங்கிக்கொள்வதால், விலைபோகாத ஒரு கிழங்கு லாட்டை மட்டும் கொடுத்து, கன்ட்ரோலரைத் தொடாமலே, அந்தக் காலிக் கட்டத்தில் என்ன வருகிறது என்று சோதித்துவிடலாம்.