தோழியில்லா அறத்தொடு நிலை

அகத்திணை மரபில், மறைவிற் பிறந்த காதலைத் தலைவி தானே சென்று தாய்க்கு உரைப்பதில்லை. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் அறத்தொடு நிற்பர். சொல்லற்கு அரியதைப் பலர் பகிர்ந்து சுமக்கும் முறை இது. அமெரிக்க நாடகாசிரியர் டோனி குஷ்னர் 1990களின் தொடக்கத்தில் அரங்கேற்றிய ‘ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா’ என்னும் இருபகுதி நாடகத்தைப் பயிலுந்தோறும் இம்மரபே நம் நினைவிற்கு வருகின்றது. அந்நாடகத்தின் ஜோ பிட்டுக்குத் தோழி இல்லை.

ஜோ மார்மன் சமயக் குடும்பத்தில் வளர்ந்த வழக்கறிஞன்; ஹார்ப்பர் என்பாளை மணந்தவன்; ஆடவரை நாடும் தன் இயல்பை உள்ளத்துள்ளேயே ஒறுத்து வந்தவன். அவ்வொறுப்பின் கடுமையை அறிய அச்சமயத்தின் கொள்கை ஒன்றை உணர்தல் வேண்டும். கோயிலில் நிகழும் மணம் சாவோடு முடிவதன்று. கணவன் மனைவி மக்கள் யாவரும் என்றென்றைக்கும் பிணைக்கப்படுகின்றனர் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆகவே, உண்மையை உரைப்பின் ஜோ இழப்பது இம்மை உறவு மட்டுமன்று.

நள்ளிரவுக்குப் பின், நியூயார்க்குப் பூங்கா ஒன்றின் பொதுத் தொலைபேசியிலிருந்து, சால்ட் லேக் சிட்டியில் வாழும் தாய் ஹன்னாவை அழைத்து அவன் அதனை உரைக்கின்றான். அவளோ அவன் குடித்திருப்பதைக் கடிந்து, வீட்டுக்குப் போ என்கின்றாள். வானவர் கூரையைப் பிளந்து இறங்கும் காட்சியைப் பலர் வியப்பர். நமக்கு இத்தொலைபேசிக் காட்சியே பெரிது.

பின்னர் ஹன்னா வீட்டை விற்று நியூயார்க்கு வருகின்றாள். எய்ட்ஸ் நோயுற்ற பிரையர் என்னும் அயலானை மருத்துவமனையிற் சேர்த்து உடனிருக்கின்றாள். 1990இல் நிகழும் இறுதிக்காட்சியில், பெதஸ்தா நீரூற்றருகே அவன் நண்பருள் ஒருத்தியாகி விடுகின்றாள். ஜோ அங்கில்லை.

ஜோ நெறியல்லாத் தீர்ப்புரைகளை எழுதினான், காதலன் லூயியை அடித்தான், ஆதலின் நீக்கப்பட்டான் எனக் கூறலாம். நாம் உடன்படேம். நோயுற்ற பிரையரைக் கைவிட்ட லூயிக்கு அந்நீரூற்றருகே இடமுண்டு. கொடுமையே உருவான ராய் கோனுக்கும் இறந்தபின் யூத வழிபாட்டுரை ஓதப்படுகின்றது. மார்மனாக வளர்ந்தவனுக்கே ஒன்றுமில்லை. ஆசிரியர்க்கு அச்சமயம் அயலாதலின் வந்த குறையோ இது?

அச்சமயத்துள் வளர்ந்த கவிஞர் கேரல் லின் பியர்சன் 1986இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் வேறுவழிச் செல்கின்றது. ஆடவரை நாடிய கணவரோடு மணமுறிவு நேர்ந்த பின்னும், எய்ட்ஸால் நலிந்த அவரைத் தம் இல்லத்தில் வைத்து 1984இல் அவர் இறக்கும்வரை பேணினார் அவர். குஷ்னரின் ஹார்ப்பரோ கணவனின் கடனட்டையைப் பெற்றுக்கொண்டு சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டுவிடுகின்றாள். அவளையும் நாம் குறைகூறோம்.