அரிசி ஏறிய கப்பல்

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பட்டாலை அலமாரியைத் திறந்தால், பழந்தாள் மணத்தோடு முதலில் கைக்கு வருவது ‘பொன்னியின் செல்வன்’. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்ததைப் பிரித்துச் சேர்த்து, மணியத்தின் படங்களோடு பைண்டு செய்த தொகுதி. அருள்மொழிவர்மர் வரும் பக்கங்களின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பழந்துணிபோல் மெத்தென்றிருக்கும்.

அந்த இளவரசரைக் கல்கி வடித்திருக்கும் அழகை என்ன சொல்ல! இலங்கை மண்ணில் சோழப் படை நிற்கிறது. நம் கண்ணில் படுவதோ, இடிந்த புத்த விகாரங்களைச் செப்பனிடும் கைகள். பிக்ஷுக்கள் நள்ளிரவில் அழைத்துப்போய் இலங்கையின் மணிமுடியையே நீட்டும்போது, பணிவோடு மறுக்கும் இளமுகம்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கட்டிப்போட்டது அரிசிதான். இலங்கைக் குடிகளிடம் படைக்கு உணவு பறிக்கக் கூடாது, சோழ நாட்டிலிருந்தே கப்பலில் வரவேண்டும் என்கிறார் இளவரசர். வென்ற நாட்டில் இருக்கும் படைக்கு இங்கிருந்து ஏன் சோறு அனுப்புவது என்று சோழ நாட்டுத் தனாதிகாரி பழுவேட்டரையர் தரப்பு பொருமுகிறது. இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். நாயகனின் கருணையை ஆசிரியர் தம் வாயால் புகழவில்லை. அவரோடு ஒத்துப்போகாதவர்களின் புகாராகவே நம் காதில் போடுகிறார். புகாராக வந்த புகழை யாரால் சந்தேகிக்க முடியும்?

“படை எதுக்கு அங்க போச்சு அப்பத்தா?” என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன்.

“போனா என்ன ராசா? சோத்தரிசிகூட இங்கேருந்துதானே கொண்டுபோனாக.”

இன்றைக்கும் எந்த ரசிகரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான். அப்பத்தாவின் பதிலில் கூடுதலாக ஒரு வாஞ்சை இருந்தது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் நடத்தப் போன ஐயாவுக்கு வற்றலும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்த கை அது. ஊர்ச் சோற்றைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அடுத்தவர் வயிற்றில் அடிக்க மாட்டார்கள் என்று அந்தக் கை நம்பியது. கடனுக்கு ஈடாகி, 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு வயல் செட்டியார்கள் கைக்கு வந்த கதை அப்பத்தா பேச்சில் வந்ததே இல்லை.

கல்கி முற்றும் போட்ட இடத்தையும் பாருங்கள். கைக்கு எட்டிய முடியை உத்தம சோழருக்கு விட்டுக்கொடுத்து நிற்கிறார் நாயகன். 985-இல் அவர் ராஜராஜராக அரியணை ஏறியதும், அநுராதபுரம் பாழாகிப் பொலன்னறுவை சோழர் தலைநகரானதும் கதைக்கு வெளியே. எத்தனை நுட்பமான நிறுத்தம்! அந்தத் தியாகத்தை நான் இன்னும் கண் கலங்கித்தான் படிக்கிறேன். அதைச் சொல்லிப் படையெடுப்பை மன்னிக்க மட்டும் மனம் வரவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜராஜர் ஈழத்து ஊர்கள் சிலவற்றைக் கோயிலுக்கு எழுதிவைத்த செய்தி இருக்கிறது. அந்த ஊர்களிலிருந்து தஞ்சைக்கு வரவேண்டியவற்றில் நெல்லும் உண்டு.